காலி டாங்கி

போட்டில் பெற்றோல் மணக்குது என்று முதலில் சொன்னது நான்தான். "பெற்றோல் போட்ல பெற்றோல் மணக்காம மல்லிகைப்பூவா மணக்கும்?" என்றார் மாமா.

பழைய பைபர் போட் அது. திகனயில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் கட்டி வைத்திருப்பார். லீவுக்கு வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்றுப் போய் வருவதுதான் தொழில். 2022இல் ஷெட்டில் நாள்கணக்காகக் கியூ நின்ற காலத்தில், அந்த டாங்கியிலிருந்த கடைசிச் சொட்டுவரை எடுத்து த்ரீவீலுக்கு ஊற்றினோம். போட் மாசக்கணக்கில் சும்மா கிடந்தது.

போன லீவில் பின்சீட்டுப் பலகையைக் கழற்றிப் பார்த்தோம். இரும்பு டாங்கி. ஆடாமல் இருக்க யாரோ அடியில் ஒரு கார்ப்பெட் துண்டை வைத்திருக்கிறார்கள். அது தண்ணியைக் குடித்துக் குடித்து டாங்கியின் அடியைத் தின்றுவிட்டது. விரலால் தொட்டால் துரு அப்பளம் மாதிரி உதிருது.

பயமாக இருந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். த்ரீவீலில் ஒழுகினால் ரோட்டோடு போய்விடும். போட் ஒரு கிண்ணம், ஆவி அடியில் தண்ணி மாதிரித் தேங்கி நிற்கும். சாவியைத் திருப்பும்போது எங்காவது ஒரு பொறி போதும். அந்தப் பின்சீட்டில்தான் சின்னப் பிள்ளைகளை உட்கார வைப்போம்.

போட்டைக் கரையில் ஏற்றி, பற்றரி வயரைக் கழற்றி, மிச்சப் பெற்றோலைக் கைப்பம்பால் இறைத்து, பலகைகளைத் திறந்து அரைநாள் காயவிட்டோம். அதுவரை சண்டையில்லை. டாங்கியை வெளியே எடுத்ததும் மாமா அதை வெல்டிங் பாஸிடம் கொண்டுபோய் ஒட்டப் போகிறேன் என்றார்.

"காலி டாங்கிதானேடா, என்ன பயம்?"

காலியாக இருப்பதுதான் பயம். பற்றுவது ஆவி. அதுவும் காற்றோடு சுமார் 1.4இலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். நிறைந்த டாங்கிக்குள் காற்றுக்கு இடம் குறைவு, ஆவியும் அந்த அளவுக்கு மேல் அடர்த்தி. காலி டாங்கியில் மூலை முடுக்கில் ஒட்டியிருக்கிற கொஞ்சம் பெற்றோலே சரியான கலவையைச் செய்துவிடும். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

"கம்பஸ்ல ஒனக்கு வெல்டிங்கும் படிப்பிக்கிறாங்களா?"

நான் படிப்பது வரலாறு. பதில் வரவில்லை. மாமாவை நான் அதுவரை எதிர்த்துக் கதைத்ததும் இல்லை. "கொண்டு போனீங்கன்னா மாமிகிட்ட சொல்லுவேன்" என்று மட்டும் சொன்னேன். கலைப்பீடத்து ஆளின் உச்சக்கட்ட வாதம்.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், "புதுசு என்ன வெல?" என்றார்.

நீர்கொழும்பில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடையொன்றில் 25 லீட்டர் பிளாஸ்டிக் டாங்கி வாங்கினோம். பழைய ஹோஸ் விறைத்துப்போயிருந்ததால் அதையும் மாற்றினோம். நடுவிலிருக்கும் ரப்பர்ப் பம்பின் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். முதல்முறை நான் திருப்பிப் பூட்டிவிட்டேன், மாமா பார்க்கவில்லை. கார்ப்பெட்டுக்குப் பதிலாக, காற்றுப் போக இடைவெளி விட்டு ரப்பர்ப் பட்டிகள்.

தண்ணியில் இறக்கி நடுவுக்குப் போனதும் எஞ்சின் நின்றுவிட்டது. மாமா என்னைப் பார்த்தார். ஏசவில்லை.

"இதுக்குக் கீழதான் பழைய தெல்தெனிய" என்றார். 1985இல் அணையைத் திறந்தபோது அவருக்குப் பத்து வயது. கடைவீதி இங்கே, பஸ் நின்றது அங்கே என்று தண்ணியைக் காட்டினார். எல்லாம் ஒரே மாதிரிப் பச்சையாக இருந்தது.

அப்போதுதான் டாங்கி மூடியைப் பார்த்தேன். மணக்கக்கூடாதென்று காற்றுத் திருகை இறுக்கி மூடியிருந்தேன். உள்ளே காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் எப்படி வெளியே வரும்? தளர்த்தியதும் உஸ்ஸென்றது. பம்பை அமுக்கி இறுக்கமாக்கினேன்.

மாமா சாவியில் கை வைத்துவிட்டு நின்றார்.

"மணக்குதா பாரு."

பின்சீட்டுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தேன். புது ரப்பர் மணம் மட்டும்தான்.