தூக்கும் விடுதலையும்

2007இல் சேலம் செஷன்ஸ் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு என்று தீர்ப்புச் சொன்னபோது எங்கள் தெருவில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை, நானும்தான். 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி இலக்கியம்பட்டியில் ஒரு பஸ்ஸை எரித்த வழக்கு அது. அதில் இருந்தவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்து மாணவிகள், கல்விச் சுற்றுலா வந்தவர்கள். மூன்று பிள்ளைகள் உள்ளேயே கருகிப்போனார்கள். அ.தி.மு.க. தலைவி ஜெயலலிதாவுக்குக் கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் தண்டனை கிடைத்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

சேலம் என்றால் இன்னொரு விடியலும் கூடவே வரும். 1995 ஏப்ரல் 27, தொடர் கொலைகள் செய்த ஆட்டோ சங்கரை எங்கள் ஊர் மத்திய சிறையில் தூக்கில் போட்டார்கள். டீக்கடையில் "ஒழிஞ்சான்" என்பதே பேச்சு. அப்பா மட்டும், "அவன்கூடக் கூட்டு வச்சிருந்ததா அவனே எழுதினானே, அந்த அதிகாரிங்க?" என்று கேட்டார். கொலையுண்டவர்களின் குடும்பத்துக்கு அந்த விவரமும் சேர வேண்டியதுதானே? சொல்லக்கூடிய வாயைக் கயிறு அடைத்துவிட்டது.

அப்பாவின் கேள்வி ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளன் விஷயத்தில் மறுபடி வந்து நின்றது. 19 வயதில் கைதானவர். வாங்கித் தந்தது இரண்டு பேட்டரி. அவை எதற்கென்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் வாக்குமூலத்தில் பதியவில்லை என்று, அதை எழுதிய சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். தூக்குக்குக் குறித்திருந்த நாளோ 2011 செப்டம்பர் 9! உயர் நீதிமன்றம் தடை கொடுத்திராவிட்டால் அந்த அதிகாரியின் சொல் யாருக்கு உதவியிருக்கும்? 2022இல் விடுதலையான அவரைத் தாய் அற்புதம்மாள் அணைத்து நின்ற படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேருந்தை மட்டும் மறக்க முடியவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அது சரியென்றே இன்று நினைக்கிறேன். ஆனால் 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி அவர்களை வெளியே விட்டார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தக் கட்சிக்காகத் தீ வைத்தார்களோ அதே கட்சியின் ஆட்சி, அந்தக் கட்சியைத் தொடங்கியவரின் விழா. கயிறு வேண்டாம் என்று சொல்கிற என்னைப் போன்றவர்கள்தான் இதை உரக்கக் கேட்க வேண்டும்: ஆயுள் தண்டனைக்காரரை விடுவிக்கும் கோப்பில் கையெழுத்துப் போடும் முன், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பதை ஏன் சட்டம் கட்டாயமாக்கக் கூடாது?