கட்டிலிலிருந்து தெரிகிற டிவி

எங்கள் வீட்டுப் பழைய பிக்சர் டியூப் டிவி இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, மார்கழியில் ஒருநாள் ‘டப்’ என்று நின்றுபோனது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்து, “சார், இதுக்கு இனிமே பார்ட்ஸ் வராது” என்றார்.

புது டிவி வாங்கும்வரைக்கும் என்று மைத்துனர் தன் வீட்டில் சும்மா கிடந்த தட்டை டிவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல கறுப்பு, நல்ல வெளுப்பு. தினமும் மாலையில் ஒரு பழைய படம் பார்த்தேன். என் மனைவியோ பத்து நிமிஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவள் கட்டில் கூடத்தில்தான். வலியாக இருக்கும், அல்லது படத்தில் ஆசை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவளுக்கு மாத்திரை கொடுக்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். அங்கிருந்து படம் சாயம்போன வேட்டி மாதிரி வெளுத்துத் தெரிந்தது. முகங்களே சரியாகத் தெரியவில்லை.

“ஏன் சொல்லலை?” என்றேன்.

“நீங்க ஆசையா பாத்துட்டிருந்தீங்க” என்றாள்.

கட்டிலை நகர்த்த முடியாது. நகர்த்தினால் வாக்கரோடு பாத்ரூம் போக வழியில்லை. டியூப் டிவியை எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் இந்தத் தொல்லையே நாங்கள் அறியாதது.

பாரிஸில் இருக்கும் மகன், “55 இன்ச் வாங்குங்கப்பா, பணம் நான் போடறேன்” என்றான். எனக்கு இன்ச் கணக்கு இன்றும் ஓடாது. பிரெஞ்சுப் பள்ளியில் சென்டிமீட்டரில் வளர்ந்தவன். கட்டம் போட்ட நோட்டை எடுத்தேன். 55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளப்பது. அகலம் 122 செ.மீ. வரும். அலமாரியில் இருக்கும் இடம் 105. ஆகவே 43 அங்குலம்: அகலம் 95, உயரம் 53. எங்கள் காலத்துப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரம் என்பதால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் 71 செ.மீ. அகலம்தான் இருக்கும். இருக்கட்டும், பழைய டிவியில் அது 40 தானே!

கடையில் எல்லா டிவியிலும் கிளியும் பூவும் கண்ணைப் பறித்தன. விற்பனைப் பையன் நேரே நிற்கச் சொன்னான். நான் பக்கவாட்டில், கட்டில் இருக்கும் கோணத்தில் போய் நின்றேன். “சார், அங்கேர்ந்து யாரும் பாக்க மாட்டாங்க” என்றான். “எங்க வீட்ல பாப்பாங்க தம்பி” என்றேன். பெரும்பாலானவை வெளுத்தன. ஓ.எல்.இ.டி. வெளுக்கவில்லை, கறுப்பும் மை மாதிரி. விலை கேட்டதும் நகர்ந்துவிட்டேன். மகன் பணம் என்றாலும் பணம் பணம்தான். மிஞ்சியது ஐ.பி.எஸ். பேனல் என்று எழுதியிருந்த ஒன்று. நேராகப் பார்த்தால் அதன் கறுப்பு கொஞ்சம் சாம்பல்தான். பக்கத்திலிருந்து நிறம் அவ்வளவாக மாறவில்லை. அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலை செய்தேன். வயதானவர்கள் கவனிக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பும் அமைப்பை நிறுத்தினேன்; இல்லாவிட்டால் பத்மினிகூடக் குண்டாகிவிடுவார். அடுத்து, நொடிக்கு 24 படமாக எடுத்த சினிமாவுக்கு நடுவே டிவியே படங்களை இட்டுக்கட்டிச் செருகும் வித்தையையும் அணைத்தேன். அது இருந்தால் எந்தப் படமும் சீரியல் மாதிரி வழுக்கும். கறுப்பு சாம்பலாகத் தெரியும் குறைக்கு, டிவிக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று போட்டேன். அந்த வெளிச்சத்தில் கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது. சத்தம்தான் மோசம், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிறது. சவுண்ட்பார் அடுத்த மாதப் பென்ஷனில்.

முதல் படமாக 1954-இல் வந்த ‘அந்த நாள்’ போட்டேன். பாட்டே இல்லாத படம். ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுந்தார். கட்டில் பக்கம் பார்த்தேன். தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, யாரு சுட்டதுன்னு இப்பவே சொல்லிடாதீங்க” என்றாள். நாங்கள் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.