ஐந்தாம் வகுப்புக்கு வந்த ஓவியர்

தாம்பரம் பக்கத்துப் பள்ளிகளில் எழுத்தாளரை அழைப்பதற்கென்று ஒரு முறை நிலைத்துவிட்டது. வாசலில் வரவேற்பு பேனர், மேடையில் நாற்காலிகள், பொன்னாடை, நினைவுப் பரிசு. எதிரே மைதானத்தில் ஆறு முதல் ஒன்பது வரை எல்லா வகுப்புகளும் வரிசையாக. வந்தவர் வாசிப்பின் பயன்களைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். ஆசிரியர் முன்பே எழுதிக் கொடுத்த கேள்வியை இரண்டு பிள்ளைகள் எழுந்து ஒப்பிப்பார்கள். நன்றியுரை, நாட்டுப்பண். அவர் எழுதிய ஒரு புத்தகத்தின் பெயர்கூடத் தெரியாமல் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புவார்கள். யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் கிடையாது, மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் புத்தகம் செய்வது ஒரு வேலை, அதைச் செய்கிற ஆள் இதோ நம் முன்னால் இருக்கிறார் என்ற செய்தி அந்த மேடையிலிருந்து இறங்கிப் பிள்ளைகளிடம் வருவதில்லை.

சேலையூர் தாண்டி மாடம்பாக்கம் போகும் வழியில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு, சிறார் எழுத்தாளர் ஒருவரும் அவர் கதைக்குப் படம் வரைந்த ஓவியரும் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூட வந்து பார்க்கலாமா என்று ஐந்தாம் வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். "தாராளமா வாங்க சார். ஆனா எல்லாரும் கீழதான் உட்காரணும்" என்றார். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஒரே ஒரு வகுப்பு. வந்ததுதான் வந்தார்கள், மற்ற வகுப்புகளையும் கூட்டிவிடலாமே என்று சிலர் சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் போனால் படத்தைக் கிட்டத்தில் பார்க்க முடியாது என்பது அவர் கணக்கு.

அவர் செய்திருந்த முன்வேலையை விரிவாகவே சொல்ல வேண்டும். அன்றைய நாள் நன்றாக அமைந்ததற்குப் பாதிக்கு மேல் காரணம் அதுதான். கதைப் புத்தகத்தின் சில பிரதிகளை முன்கூட்டியே வாங்கி வகுப்பில் சுற்றவிட்டிருந்தார். மதிய உணவுக்குப் பிறகு தினமும் கொஞ்சம் சத்தமாகப் படித்துக் காட்டியிருந்தார். கேள்விகளைப் பிள்ளைகளே துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டிருந்தார்கள். எழுத்துப் பிழையைக்கூட அவர் திருத்தவில்லை. இன்னொரு பக்கம், வரப்போகிறவர்களுக்கு வகுப்பைப் பற்றி ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். இந்தப் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் சானடோரியம் மெப்ஸ் கம்பெனிகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள், அப்பாக்களில் பலர் கட்டட வேலை, ஆட்டோ. சில குடும்பங்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவை. ஐந்தாறு பேருக்குத் தமிழ் படிக்க இன்னும் சரியாக வராது. தான் யாரிடம் பேசப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு வருகிற எழுத்தாளர் பொதுவான அறிவுரை பேச மாட்டார்.

புத்தகம் இருபத்து நான்கு பக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கூட்டத்தை விட்டு விலகிப்போன ஒரு நீலத்தாழைக்கோழிக் குஞ்சின் கதை. எழுத்தாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். கதையை அவர் படிக்கவில்லை. "நீங்கதான் படிச்சிட்டீங்களே, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, தான் எழுதிய முதல் படியை எடுத்துக் காட்டினார். நோட்டில் பேனாவால் எழுதியது, வரிக்கு வரி அடித்தல். கதையின் முதல் இரண்டு பத்திகளை மொத்தமாக வெட்டியிருந்தார். குஞ்சு எந்த நிறம், ஏரி எப்படி இருக்கும் என்றெல்லாம் அதில் வர்ணித்திருந்தாராம். "இதெல்லாம் அக்கா படத்துல வந்துடுச்சு. அப்புறம் நான் எதுக்கு?" என்றார். ஓவியரும் எழுத்தாளரும் சேர்ந்து வந்தால்தான் இது புரியும் என்று அப்போது தோன்றியது. படக்கதைப் புத்தகத்தில் எழுதுகிறவரின் வேலையில் பெரும்பகுதி, படத்துக்கு இடம் விட்டு ஒதுங்குவது.

அதற்குப் பிறகு ஓவியர். வந்த புதிதில் "மிஸ்" என்றவர்கள் பத்து நிமிடத்தில் "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பையிலிருந்து அவர் எடுத்தது டம்மி. வெள்ளைத் தாளை மடித்துத் தைத்து, பென்சிலில் கிறுக்கலாகப் படம் போட்டு, எழுத்து வரும் இடத்தில் வெறும் கட்டம் வரைந்த ஒரு சின்னப் புத்தகம். புத்தகத்துக்கு முந்தைய புத்தகம். எந்தப் பக்கத்தில் எது வரவேண்டும், எங்கே படிக்கிறவர் கை பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பதை இதில்தான் முடிவு செய்கிறார்கள். குஞ்சு புதருக்குள் எட்டிப் பார்க்கிறது, உள்ளே இருப்பது என்ன? அந்தப் பதில் அதே விரிப்பின் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் கண் முந்திப் போய்ப் பார்த்துவிடும், பயம் போய்விடும். அதனால் அந்தக் காட்சியை வலப்பக்கத்தின் கடைசியில் நிறுத்தி, பதிலைத் தாளின் மறுபுறத்தில் வைத்திருந்தார். ஒரு பையனிடம் டம்மியைக் கொடுத்துத் திருப்பச் சொன்னார். திருப்பும் முன் அவன் ஒரு கணம் தயங்கினான். "அந்தத் தயக்கத்துக்குத்தான் இவ்வளவு வேலை" என்றார்.

பறவையின் காலை வரையப் பட்ட பாட்டையும் சொன்னார். முதலில் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை எல்லாம் கோழிக் கால்களாகவே வந்திருக்கின்றன. பிறகு விடிகாலையில் பள்ளிக்கரணைச் சாலையோரம் நின்று பார்த்து வரைந்திருக்கிறார். நீலத்தாழைக்கோழியின் விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம், மிதக்கும் செடிகள் மேல் அமிழாமல் நடப்பதற்காக. கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்துத் தூக்கி, அலகுக்குக் கொண்டுபோய்த் தின்னும். இந்தச் செய்தி கதையில் ஒரு வரியாகக்கூட இல்லை. படத்தில் மட்டும், ஒரு பக்கத்து மூலையில், தாய்ப்பறவை காலால் தண்டைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறது. யாராவது கவனித்தீர்களா என்று கேட்டதும் புத்தகங்கள் மேல் தலைகள் கவிழ்ந்தன.

கேள்விப் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு சிறுமி எழுதியிருந்தது: ஏழாம் பக்கத்தில் படகுக்காரர் சட்டை ஊதா, பதினான்கில் ஏன் பச்சை? வகுப்பே சிரித்தது. ஓவியர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, தப்புதான். அச்சாபீஸ்ல யாரும் பார்க்கல, நானும் பார்க்கல. அடுத்த பதிப்புல மாத்திடலாம்" என்று அந்தச் சிறுமியின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தச் சிறுமி பிறகு அடுத்தடுத்துக் கேள்வி கேட்டபடி இருந்தாள். ஒரு படத்துக்கு எவ்வளவு நாள், கறுப்பு மசி தண்ணீரில் கரையுமா, வெள்ளை நிறத்தை எப்படி அடிப்பது. வெள்ளைக்கு நிறமே அடிப்பதில்லை, தாளை அப்படியே விட்டுவிடுவேன் என்றார் ஓவியர்.

தமிழ் இன்னும் வராத பிள்ளைகளில் ஒருவன், கதை சொல்லும்போது வாயே திறக்காதவன், டம்மியைக் கையில் கொடுத்ததும் இந்தியில் தொடங்கினான். எழுத்தில்லாத அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் சொன்னான், தன் ஊர் ஆற்றையும் நடுவில் சேர்த்து. ஓவியருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அவர் மொழிபெயர்க்க, மற்றவர்கள் கேட்டார்கள். பாடநூலை வைத்து மட்டும் அவனை மதிப்பிட்டிருந்தால் கதை சொல்லத் தெரிந்த பையன் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. பள்ளிக்கு எழுத்தாளரை மட்டும் கூப்பிடாதீர்கள், ஓவியரையும் கூப்பிடுங்கள் என்று நான் பார்க்கிற தலைமையாசிரியர்களிடமெல்லாம் சொல்வதற்கு இவன் ஒருவனே போதும்.

கடைசியாக ஆளுக்கு ஒரு ஏ4 தாள். மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம். நடுவில் ஒரே ஒரு வெட்டு. பிரித்து மறுபடி மடித்தால் பசையோ பின்னோ இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம். எதைப் பற்றி எழுதுவது என்று முழித்தவர்களுக்கு எழுத்தாளர் ஒரு செய்தி சொன்னார். 1863 மே 30ஆம் தேதி, இங்கிருந்து ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பல்லாவரத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கிராவல் வெட்டிய பள்ளம் ஒன்றில் மனிதன் செதுக்கிய ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று அது. "அந்தக் கல்லை அங்க போட்டுட்டுப் போனது யாரு? ஏன் திரும்பி வந்து எடுக்கல?" வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மட்டும் பல்லாவரம் போய்ப் பழகிய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் பென்சில் சத்தம்தான். அம்மா கூப்பிட்டதால் போட்டுவிட்டு ஓடினான் என்று எழுதியவர்கள் மூன்று பேர்.

தமிழில் சிறாருக்கு எழுதுவதும் வரைவதும் புதிய தொழில் இல்லை. அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டெழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி, எழுதுகிறவர்களை ஒன்று சேர்த்தார். 1947இல் பிறந்த அம்புலிமாமாவின் வேதாளத்தைச் சுமந்த விக்கிரமன் படத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர் அந்தத் தலைமுறையில் குறைவு. அதை வரைந்த சங்கர் சென்னையிலேயே வாழ்ந்து 2020இல் மறைந்தார். பத்மஸ்ரீ 2021இல், அவர் போன பிறகு வந்தது. அத்தனை ஆண்டுகளில் எத்தனை பள்ளிகள் அவரை அழைத்து ஒரு கோடு போடச் சொல்லியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. சாகித்திய அகாதமி 2010 முதல் தரும் பால சாகித்திய புரஸ்கார் எழுத்துக்கான விருது. தமிழில் 2020இல் யெஸ். பாலபாரதி, 2023இல் உதயசங்கர், 2024இல் யூமா வாசுகி என்று நல்ல கைகளுக்கு அது போயிருக்கிறது. படம் வரைந்தவர்களுக்கு அதில் இடமில்லை. பிரிட்டனில் 1999இல் சிறார் இலக்கியத்துக்கென ஒரு கௌரவப் பதவியை ஏற்படுத்தியபோது அதை முதலில் கொடுத்தது குவென்டின் பிளேக் என்ற ஓவியருக்கு.

இந்தத் தென்சென்னைப் பள்ளிகளுக்கு ஆட்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதும் இல்லை. திருவான்மியூரில் தாரா புக்ஸ் இருக்கிறது. 1994இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் சில புத்தகங்கள் இன்றும் ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே அச்சிடப்படுகின்றன. 1996 முதல் தூலிகா சென்னையிலிருந்து ஒன்பது மொழிகளில் படப்புத்தகம் போடுகிறது. அவர்களின் 'கஜபதி குலபதி'யை எழுதி வரைந்த அசோக் ராஜகோபாலன் சென்னைக்காரர். அரசுப் பள்ளிகளில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் வந்திறங்கியிருக்கின்றன. 'ஊஞ்சல்' இதழ் வருகிறது. ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அச்சாகியிருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து, ஆளைத் தேடி, கூப்பிட்டால் போதும்.

கூப்பிடுகிறபோது பணத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். டீ குடிக்கும்போது ஓவியர் சொன்னது இது: பல இடங்களில் படத்துக்கு ஒரே தடவைதான் தொகை, புத்தகம் எத்தனை பதிப்பு போனாலும். ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் அன்றைய வேலை நின்றுபோகிறது. கலர், தாள், ஆட்டோ எல்லாம் கைக்காசு. பொன்னாடைகள் மட்டும் அலமாரி நிறைய இருக்கின்றன. மேடைப் பேச்சாளருக்கு உறை கொடுக்கிற நிர்வாகங்கள், குழந்தைகளுக்காக வருகிறவர் சேவையாக வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. கட்டணம் வாங்குகிற பெரிய பள்ளிகளுக்குச் சொல்லவே வேண்டாம். பேனருக்கும் ஷாமியானாவுக்கும் ஆகிற செலவு இரண்டு பேரின் ஒரு நாள் ஊதியத்துக்குப் போதும்.

இந்த அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசி, முன்னாள் மாணவர்கள் சிலரிடம் கேட்டு, இருவருக்கும் ஒரு தொகை திரட்டியிருந்தார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் எவ்வளவு என்பதை அழைக்கும்போதே சொல்லியிருந்தார்கள். வந்தவர்களின் புத்தகங்களில் ஒரு கட்டு விலைக்கு வாங்கினார்கள். பிள்ளைகள் மடித்துச் செய்த புத்தகங்களைத் தலைமையாசிரியை நூலகப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றச் சொன்னார்.

கிளம்பும்போது ஆசிரியை அடுத்த தேதியைக் கேட்டார். நவம்பர் வேண்டாம், மழை வந்தால் முடிச்சூர் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு லீவு விடவேண்டியிருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஓவியர். இம்முறை நான்காம் வகுப்பு. புத்தகத்தை டிசம்பர் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவதாக ஆசிரியை எழுதிக்கொண்டார்.