விழுந்தவனும் வீழ்த்தியவனும்

வேங்கடமே தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் உரைக்கும். அவ்வெல்லையின் அடிவாரத்தில் மலர்கின்ற சங்க மலரில் இலக்கியம் பற்றியோ இறைவன் பற்றியோ எழுதுவதே முறை. யாமோ குத்துச்சண்டையைப் பற்றி எழுதப் புகுந்தோம். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் கோப்புகளோடு காலம் கழிக்கும் எமக்கும் குத்துச்சண்டைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். தொடர்பு எம் இல்லத்துச் சுவரில் இருந்தது.

சித்தூரில், காட்பாடிச் சாலையை ஒட்டிய சிறு வீட்டில் யாம் பிறந்து வளர்ந்தோம். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். அவ்வீட்டின் கூடத்தில் முருகன் படத்திற்கு அருகே, ஆங்கில இதழொன்றிலிருந்து கிழித்தெடுத்துக் கண்ணாடிச் சட்டம் இட்ட படம் ஒன்று தொங்கிற்று. இளைஞன் ஒருவன் வலக்கையை மார்பின் குறுக்கே மடக்கி, வாய் திறந்து கத்திக்கொண்டு நிற்கிறான். அவன் காலடியில் மற்றொருவன் இரு கைகளையும் விரித்து மல்லாந்து கிடக்கிறான். நிற்பவர் முகம்மது அலி. கிடப்பவர் சன்னி லிஸ்டன். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய இதழ்க் கடையில் வாங்கியது என்று எம் தந்தையார் கூறுவார். வருவோர் போவோர் எல்லாம், "உங்கள் தந்தையார் அலியின் பெரிய அன்பரோ?" என்பர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அப்படத்தின் வரலாறு விந்தையானது. 1962 செப்டம்பர் 25 அன்று பிளாயிட் பேட்டர்சனை முதல் சுற்றிலேயே வீழ்த்தி, ஹெவிவெயிட் எனப்படும் மிகு எடைப் பிரிவில் உலக வாகையர் ஆனவர் லிஸ்டன். ஆர்க்கன்சாவில் வறிய உழவுக் குடும்பத்தில், பிறந்த நாள் இன்னதென்று உறுதியாக அறியப்படாதவராகப் பிறந்தவர். சிறையில் குத்துச்சண்டை பயின்றவர். அவருடைய ஆட்டங்களின் பின்னே சூதாட்டக் கும்பலின் தலைவர்கள் இருந்தனர் என்பது ஊரறிந்த செய்தி. 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி கடற்கரையில் காசியஸ் கிளே என்னும் இளைஞரை அவர் எதிர்கொண்டார். பந்தயம் ஒன்றுக்கு ஏழு என்று லிஸ்டன் பக்கமே சாய்ந்திருந்தது. கருத்துக் கேட்கப்பட்ட 46 விளையாட்டு எழுத்தாளர்களுள் 43 பேர் லிஸ்டனே வெல்வார் என்றனர். ஆறு சுற்றுகள் முடிந்தன. ஏழாம் சுற்றுக்கு மணி ஒலித்தபோது லிஸ்டன் முக்காலியை விட்டு எழவேயில்லை. தோளில் காயம் என்றார்கள்.

வெல்வான் என்று ஊரெல்லாம் நம்பும் ஒருவன் தோற்றால், அவன் தோற்பான் என்று பணம் கட்டியவன் ஒன்றுக்கு ஏழு பெறுகிறான். குத்துச்சண்டையில் சூது நுழையும் வாயில் இதுவே. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் பலரை வாங்க வேண்டும். இங்கே ஒருவன் விழுந்தால் போதும். எனவே ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

மறு போட்டி 1965 மே 25 அன்று மெயின் மாநிலத்து லூயிஸ்டன் என்னும் சிற்றூரில் நடந்தது. பார்க்க வந்தவர்கள் 2,434 பேர் மட்டுமே. முகம்மது அலி எனப் பெயர் மாற்றிக்கொண்டுவிட்ட கிளே, முதல் சுற்றிலேயே வலக்கையால் ஒரு குறுங்குத்து விட்டார். பலர் கண்ணுக்கு அது தென்படவே இல்லை. லிஸ்டன் விழுந்தார். அலி தமக்குரிய மூலைக்குச் செல்லாது, எழு எழு என்று கத்திக்கொண்டு நின்றார். எம் வீட்டுப் படம் அந்த நொடியில் எடுக்கப்பெற்றதே. நடுவராக இருந்த முன்னாள் வாகையர் ஜெர்சி ஜோ வால்காட் எண்ணுவதா, அலியை விலக்குவதா என்று தடுமாறினார். லிஸ்டன் எழுந்தார், ஆட்டமும் தொடர்ந்தது. அதற்குள் மேடையருகே அமர்ந்திருந்த இதழாசிரியர் நாட் ஃபிளைஷர், பத்து நொடி கடந்துவிட்டது என்று குரல் கொடுக்க, போட்டி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அரங்கில் "சூது, சூது" என்னும் கூக்குரல் எழுந்தது. அக்குத்திற்கு "ஆவிக் குத்து" என்றே பெயராயிற்று.

கும்பலுக்காக விழுந்தார் என்பார் சிலர். அவ்வாண்டு பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டிருந்தமையால் உயிருக்கு அஞ்சி விழுந்தார் என்பார் சிலர். குத்து மெய்யானது, நிலை பெயர்ந்து நின்றவனைச் சாய்க்கப் போதுமானது என்பார் சிலர். முதற்போட்டி பற்றி அமெரிக்க உளவுத் துறை ஐயம் கொண்டு எழுதிய குறிப்புகள் 2014இல் வெளியாயின. அவற்றிலும் ஐயம் இருந்ததே தவிர, மெய்ப்பிப்பு இல்லை. அலிக்கு ஏதும் தெரியும் என்பதற்கும் சான்றில்லை. லிஸ்டன் 1970 டிசம்பர் இறுதியில் இறந்து, 1971 சனவரி 5 அன்று தம் இல்லத்தில் பிணமாகக் காணப்பட்டார்.

இத்தகைய ஐயம் லிஸ்டனோடு தொடங்கியதன்று. 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் 26ஆம் சுற்றில் விழுந்த ஜாக் ஜான்சன், வேண்டுமென்றே விழுந்ததாகப் பின்னர்த் தாமே சொன்னார். அதற்குள் 25 சுற்றுகள் வெயிலில் ஏன் போராடினார் என்பதற்கு விடையில்லை. 1933இல் பட்டம் வென்ற இத்தாலியப் பேருருவர் பிரைமோ கார்னேராவின் வெற்றிகள் பல, கும்பல் விலைக்கு வாங்கியவை என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

இவற்றையெல்லாம் யாம் நூல்களில் தேடிக் கற்றது, வீட்டுச் செய்தி ஒன்றை விளங்கிக்கொள்ளும் பொருட்டே.

எம் தந்தையார் வடசென்னையில் பிறந்தவர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரைகள் பிரிந்து குத்துச்சண்டையை மானப் போராக நடத்திய காலம் அது. அவர் எப்பரம்பரையினர் என்பது இங்கு வேண்டா. எட்டு ஆண்டுகள் ஒரே வாத்தியாரிடம் பயின்றார். 1976இல் ஒரு போட்டியில் தோற்றார். அடுத்த ஆண்டு எம் அன்னையாருடன் சித்தூருக்கு வந்து, மாமன் ஒருவரின் லாரிப் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். வீட்டில் குத்துச்சண்டைப் பேச்சு எழுந்தால் அவர் எழுந்து வெளியே சென்றுவிடுவார். ஒரு முறை மட்டும், 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, காட்பாடி சென்று இரயிலேறிப் பார்த்து வந்தார் என்று அன்னையார் கூறுவார்.

எமக்குப் பதின்மூன்று அகவை இருக்கையில், சென்னையில் ஒரு திருமணத்தில், பந்தியில் எம் அருகே அமர்ந்த உறவினர் ஒருவர், "உன் அப்பன் காசு வாங்கிக்கொண்டு விழுந்தவன்டா" என்றார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். யாம் அன்று எதுவும் கேட்கவில்லை, ஆயினும் நம்பினோம். பிள்ளை தந்தையை நம்பாமல், பந்தியில் கண்ட ஒருவரின் சொல்லை நம்பியது எதனால் என்பதை இன்றும் எம்மால் கூற இயலவில்லை.

2001இல் யாம் பி.ஏ. முடித்து வேலையின்றி இருந்தோம். பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் வந்தார். தந்தையார் வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பினார். யாம் சினம் தலைக்கேறி, "காசு வாங்கி விழுந்தவருக்குக் காசு கொடுக்க மட்டும் என்ன தயக்கம்?" என்று கேட்டுவிட்டோம். அவர் எம்மை அடிக்கவில்லை, பட்டறைக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தேர்வெழுதித் தேறியே யாம் பணியில் அமர்ந்தோம். அந்தச் சொல்லைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

2014இல் எம் முறை வந்தது. யாம் பொறுப்பேற்றிருந்த பண வரவில் ரூ. 6,500 குறைந்தது. எம்மை எவரும் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் அருகிருந்த நண்பர், தேநீர் அருந்த எழுகையில் தம் மேசையைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றார். முன்பு அவர் அவ்வாறு செய்ததில்லை. ஆறாம் நாள், ஒரு பற்று இருமுறை கூட்டப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாரும் கைகுலுக்கினர். அந்த ஆறு இரவுகளும், திருப்பதியிலிருந்து கடைசிப் பேருந்தில் யாம் சித்தூர் வந்து சேரும் வரை தந்தையார் திண்ணையில் விழித்திருப்பார். சோறு போடச் சொல்லி, யாம் உண்டு முடிக்கும் வரை எதிரே அமர்ந்திருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். முதியவருக்கு அலுவலக வழக்கம் புரியாது போலும் என்று எண்ணினோம்.

2021இல் "சார்பட்டா பரம்பரை" திரைப்படம் வெளியாயிற்று. அதனை அவருடன் அமர்ந்து பார்த்தோம். முடிந்தபின் நெடுநேரம் பேசாதிருந்தவர், எம்மைப் பாராமலே சொல்லத் தொடங்கினார்.

போட்டிக்கு முன்னாள் மாலை ஒருவர் வந்து பணம் காட்டினாராம். இவர் மறுத்தார், ஆனால் அச்செய்தியை வாத்தியாரிடம் சொல்லவில்லை. வீண் சண்டை வேண்டாம் என்று கருதினார். மறுநாள் மூன்றாம் சுற்றில் காதோரம் ஒரு குத்து விழுந்தது. "வலிக்கவே இல்லை. எண்ணுகிற சத்தம் கேட்டது. ஏழு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. எழுந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். கால் பேச்சைக் கேட்கவில்லை" என்றார். பணம் காட்டியவர் வந்து சென்ற செய்தி அதற்குள் பரவியிருந்தது. கையுறையின் கயிற்றை அவிழ்த்தபடியே வாத்தியார் கேட்டாராம்: "பணம் வாங்கினாயா?"

"நீங்கள் என்ன சொன்னீர்கள், அப்பா?" என்றோம்.

"எட்டு வருடம் சோறு போட்டு வளர்த்தவர் அப்படிக் கேட்ட பிறகு நான் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை."

ஆராயாது ஒருவனைத் தெளிவதும், தெளிந்தபின் அவனை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது வள்ளுவர் வாக்கு. யாம் அதனை அரசியலுக்கும் அலுவலகத்துக்கும் உரியது என்று கருதிப் படித்திருந்தோம். ஐயுறப்பட்டவன் துன்பத்தையே அதுவரை எண்ணியிருந்தோம்; ஐயுற்ற அந்த வாத்தியாரின் துன்பம் அன்றுதான் தெரிந்தது. 1980இல் நேரு விளையாட்டரங்கில் தமக்கு முன்வரிசையில் வாத்தியார் அமர்ந்திருந்ததைத் தந்தையார் கண்டாராம். அருகே செல்லவில்லை. "அலியும் எல்லிசும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். யாரும் யாரையும் வீழ்த்தப் போவதில்லை என்பது மேடைக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். அதில் சூது இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான் வாத்தியாருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்" என்றார். அவர் திரும்பியிருந்தால் பேசியிருக்கலாம். அவர் திரும்பவில்லை, சில ஆண்டுகளில் இறந்தும் போனார்.

யாம் 2001இல் சொன்ன சொல்லுக்கு அன்று மன்னிப்பு வேண்டினோம். அவர், "நீ கேட்டாய், வாத்தியார் கேட்டார். வேற்றாள் கேட்டிருந்தால் அடித்திருப்பேன்" என்று மட்டும் கூறினார். ஆறு இரவுகள் அவர் எம்மிடம் கேளாதிருந்த கேள்வி எதுவென்று அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

எழுந்து சென்று சுவரிலிருந்த படத்தைத் துடைத்தவாறு யாம், "அலியை இவ்வளவு விரும்பி..." என்று தொடங்கினோம்.

"அலிக்காக யார் மாட்டியது?" என்றார். "கீழே கிடக்கிறானே, அவனுக்காக மாட்டியது. அவன் எழ முடியாமல் கிடந்தானா, எழாமல் கிடந்தானா என்று உலகமே பேசியது. அவனிடம் யாராவது உட்கார்ந்து கேட்டார்களா?"

லிஸ்டன் வழக்கில் உண்மை எது என்று யாம் முடிவு கூறோம். சான்றில்லாத இடத்தில் கோப்பைத் திறந்து வைத்திருப்பதே எழுத்தர் அறம். எம் தந்தையார் பணம் வாங்கவில்லை என்பதற்கும் எம்மிடம் ஆவணம் ஏதும் இல்லை. மேடையில் விழுந்த ஒருவனின் உள்ளத்தில் ஏழுக்கும் பத்துக்கும் இடையே நிகழ்ந்ததை எந்த விசாரணைக் குழுவும் கண்டதில்லை. எனினும் தந்தையார் வழக்கில் யாம் எழுத்தர் அல்லோம், மகன். அவர் சொல்லை யாம் நம்புகிறோம். முப்பது ஆண்டுகள் முன்பே, அந்தப் பந்தியிலேயே, நம்பியிருக்க வேண்டும்.

2023இல் தந்தையார் காலமானார். படம் இப்போது திருப்பதியில் எம் வாடகை வீட்டில் உள்ளது. வருபவர்கள் வழக்கம்போல் அலியைப் பற்றியே கேட்கின்றனர். யாம் அமரச் சொல்லி, கீழே கிடப்பவரின் பெயரை முதலில் சொல்கிறோம்.