அலுமினியத்துக்கு ஏது கன்ட்ரோல் இசட்?

எங்க ஊர் பேர்ல பருத்தி இருக்கு. ஆனா நெய்யறது பட்டு! திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல, சமணக் கோயில் ஓவியங்கள் பாக்க வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பா நெசவாளி. நான் மட்டும் பொட்டி தட்டப் போயிட்டேன்.

அப்பாவுக்கு முட்டி வலி. மிதிகட்டையை அழுத்தி அழுத்தி, மேல இருக்கிற ஜக்கார்டைத் தூக்கணும். நாளைக்கு எத்தனை மிதின்னு அவரே எண்ணினதில்ல. நெசவு கையிலயே இருக்கட்டும், தூக்கறதுக்கு மட்டும் ஒரு சின்ன மோட்டார் வைப்போம்னு இறங்கினேன்.

மோட்டாரைத் தாங்க 10 மி.மீ. அலுமினியத் தகடு, 6061 ரகம். அதுல நெம்புகோல் போய்வர 40 மி.மீ. அகலத்துல, ஒரு பக்கம் திறந்த காடி. நண்பனோட பட்டறையில, சி.என்.சி. மெஷினுக்கு நானே புரோகிராம் எழுதினேன். 6 மி.மீ. கட்டரைக் கோட்டுக்கு உள்பக்கமா ஓட்டணும். நான் கோட்டு மேலயே ஓட்டிட்டேன். பக்கத்துக்கு 3 மி.மீ. போச்சு. அகலம் 46! ஆபீஸா இருந்தா கன்ட்ரோல் இசட். இங்க தரையெல்லாம் பளபளன்னு சீவல்.

"விடுடா, மிதிகட்டையையே திரும்ப மாட்டிக்கறேன்"னு அப்பா சொன்னார். திட்டியிருந்தா கூடப் பரவால்ல...

ஒரகடம் பக்கம் கம்பெனியில வேலை பாத்துட்டு, இப்ப சொந்தமா பட்டறை வச்சிருக்கிற ஒரு அண்ணன்கிட்ட ஓடினேன். "டிக் வெல்டிங்ல மேடு கட்டித் தர்றேன் தம்பி. அப்புறம் *சரியா* வெட்டு"ன்னார். அந்த 'சரியா'வுல ஒரு அழுத்தம் :-)

அலுமினியம் உருகறது 660 டிகிரியில. ஆனா அது மேல இருக்கிற ஆக்சைடு படலம் உருக 2000 டிகிரிக்கு மேல வேணும். அதனால ஏசி கரண்ட்: ஒரு பாதி அலை படலத்தை உடைக்கும், மறுபாதி உலோகத்தை உருக்கும். காத்து படாம சுத்தி ஆர்கான் வாயு. அசிட்டோன்ல துடைச்சு, துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால தேய்ச்சு வச்ச விளிம்பை நான் தொட்டுப் பாக்க, "கை எண்ணெய் பட்டா ஓட்டை விழும்யா!"ன்னு ஒரு சத்தம். மறுபடி துடைச்சார். சிலிக்கான் கலந்த 4043 கம்பியைத்தான் எடுத்தார். கம்பியே இல்லாம உருக்கினா 6061 ஆறும்போது விரிசல் விடுமாம். இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. சட்டுனு கண்ணாடி மாதிரி குளமாகும், அந்த நொடியில கம்பியைத் தொட்டு எடுக்கணும்.

இன்னொண்ணும் சொன்னார். சூடு பட்ட இடத்துல பழைய பலம் பாதியளவுக்குக் குறைஞ்சுடும், பாரம் தாங்கற போல்ட்டை அங்க போடாதேன்னு. நல்லவேளை, காடி வழிகாட்ட மட்டும்தான். போல்ட்டெல்லாம் தள்ளி இருக்கு.

ஆறினதும் மூணு தடவை புரோகிராமைப் பாத்து வெட்டினேன். 40. மாட்டியாச்சு.

அப்பா வெல்டிங் தடத்தை விரலால தடவிப் பாத்தார். "இழை அறுந்தா முடி போடறதில்லையா, அது மாதிரிதான்"னுட்டு தறிக்குழியில இறங்கினார். ஜக்கார்டு தானா தூக்குச்சு. கால் மட்டும் பழக்கத்துல, இல்லாத மிதிகட்டையை மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு.

பி.கு: கோட்டுக்கு உள்ளயா, வெளியயா, மேலயா? வெட்டறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க சாமிகளா!