ஐயாவின் அரமும் ஒரு சுழல்துப்பாக்கியும்

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலே டெக்சஸ் மாநிலத்தில் வாழும் என் தம்பி மகனைக் காணச் சென்றிருந்தேன். ஒருநாள் மாலை, துணியிற் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். அவிழ்த்தால், சுழல்துப்பாக்கி! துவக்குச் சத்தம் கேட்டால் எந்தத் தெருவுக்குள் ஒதுங்குவது என்பதைப் பாடமாகவே கற்ற திருகோணமலைக்காரன் நான். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாதேங்கோ பெரியப்பா, உள்ளுக்கு ஒன்றும் இல்லை" என்று கூறி, ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினான்.

பல மாதச் சேமிப்பில் வாங்கியதாம். 1873ஆம் ஆண்டின் கோல்ட் துப்பாக்கியைப் பின்பற்றி, இத்தாலியிலே கார்தோனே என்னும் ஊரில் உள்ள ஊபெர்ட்டி தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. இவ்வகையில் விசையை இழுத்தால் மட்டும் குண்டு பாயாது. ஒவ்வொரு முறையும் பெருவிரலாற் குதிரையைப் பின்னுக்கு வளைத்து நிறுத்த வேண்டும். அவ்வசைவிலேயே உருளை ஓர் அறை சுழன்று குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்ளும். பழைய கோல்ட்டில் அப்போது நான்கு முறை 'கிளிக்' என்று கேட்குமாம். கோல்ட் என்னும் பெயரில் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள். எழுத்துக்கு ஒரு சத்தம் என்று பிரியர்கள் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அவன் விளக்கினான். குதிரை முழுதும் வளைந்த நிலையில் உருளை ஆடக்கூடாது. உருளைக்கும் குழலுக்கும் இடைவெளி மயிரிழையாக இருக்க வேண்டும். கைப்பிடியின் வாதுமை மரமும் இரும்பும் சந்திக்கும் இடத்தில் நகம் தடக்கக்கூடாது. சட்டத்தில் நீலமும் ஊதாவும் கபிலமும் மேகம்போற் கலந்து கிடந்தன. அது அழகுதான். இல்லையென்றால் நான் பொய்யனாவேன்.

"அப்பப்பா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டான். அன்று என்னால் விடை கூற முடியவில்லை.

என் ஐயா திருகோணமலைக் கடற்படைத் துறைமுகப் பட்டறையிலே பிற்றராக இருந்தவர். இரண்டு இரும்புத் துண்டுகளை அராவிப் பொருத்தி, விளக்குக்கு நேரே பிடித்து, "இடையில வெளிச்சம் தெரியக்கூடாது, தம்பி" என்பார். அந்த ஒரு சொல்லே அவருடைய அழகியல். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியபோது அவர் அங்கே இருந்தார். உடன் உழைத்தோர் சிலரை அன்று இழந்தார். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்றபின், தம்பலகாமத்து விவசாயிகளின் நீர்ப்பம்பிகளைத் திருத்திச் சீவித்தார். அரம் அதுவே, கையும் அதுவே. முன்னர் போர்க்கப்பலின் உறுப்பைத் தேய்த்த அரம், பின்னர் வயலுக்கு நீர் இறைத்தது.

கோல்ட்டின் கதையும் ஒரு கப்பலிலேதான் தொடங்குகிறது. 1830இல் கல்கத்தா நோக்கிச் சென்ற கப்பலொன்றில் பதினாறு வயதுச் சிறுவனாகப் பயணம் செய்த சாமுவேல் கோல்ட், சுழல்துப்பாக்கியின் மாதிரியை மரத்திற் செதுக்கினான் என்பர். 1836இல் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றான். 1855இல் ஹார்ட்போர்ட் நகரிலே பெருந்தொழிற்சாலை எழுந்தது. பெயர் முதலாளியுடையது, பொருத்திய விரல்களுக்குப் பெயர் இல்லை. 1873இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட அத்துப்பாக்கி, அந்நாட்டின் பூர்வகுடிகளை அவர்தம் நிலத்திலிருந்து துரத்திய படைகளின் இடுப்பிலே தொங்கியது. 1940 அளவில் உற்பத்தி நின்றது. தொலைக்காட்சியிலே குதிரைவீரர் கதைகள் பெருகிய 1956இல் மீண்டும் தொடங்கிற்று. நிலம்பறித்த கருவி இவ்வாறு நினைவுப் பண்டமாயிற்று.

நாமும் இதற்கு விலக்கல்லர். கண்டி மன்னனுக்கு லெவ்கே திசாவை அளித்த, பொன்னும் வெள்ளியும் மணியும் இழைத்த சிறு பீரங்கியை 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்டுச் சென்றனர். ஆம்ஸ்டர்டாம் அரும்பொருளகத்தில் நெடுங்காலம் இருந்த அது, 2023இல் திரும்பி வந்தது. நானும் மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி ஆயுதத்தைப் பற்றியதன்று. அதை இழைத்த கம்மாளனின் கையைப் பற்றியது.

ஊர் திரும்பியபின், பிரெடரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு நடந்தேன். பழைய பீரங்கிகளின் அருகே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இறங்கிவந்து கடற்கரையிலே காந்தி சிலைக்கு அண்மையில் நின்றேன். 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. சந்தேகத்தின் பேரில் வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரும், போதிய சான்றில்லை என்று 2019இல் விடுவிக்கப்பட்டனர். ஒவ்வொரு குண்டுக்கும் பெருவிரலால் குதிரையை வளைக்க வேண்டும், ஆகவே சுடுபவன் ஒவ்வொரு முறையும் சிந்தித்தாக வேண்டும் என்று தம்பி மகன் பெருமையுடன் சொன்னது நினைவுக்கு வந்தது. சிந்தித்துச் சுடுவோரும் உலகில் இருக்கின்றனர் என்பதை அக்கடற்கரையிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அறிவர்.

அவனுக்குக் கடிதம் எழுதினேன். "அப்பப்பா அதைக் கையில் வாங்கி விளக்கின்முன் பிடித்திருப்பார். வெளிச்சம் தெரியவில்லை என்று கண்டு, பொருத்தியவன் நல்ல வேலைகாரன் என்று மனமாரச் சொல்லியிருப்பார். பிறகு, இந்த வேலைகாரனுக்கு ஒரு நீர்ப்பம்பி செய்யக் கொடுக்க ஆளில்லையா என்று கேட்டிருப்பார்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சுவைப்பது எளிது. இரண்டாவதைச் சொல்வதற்காக முதலாவதை மறுப்பதும் எளிது. ஆனால் அது தொழிலாளிக்குச் செய்யும் துரோகம். கையின் திறமையை வியக்கக் கற்பிக்கும் நாம், அக்கையை யார் எதற்கு வேலைக்கமர்த்தினர் என்று வினவவும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும்.

அவன் இன்னும் மறுமொழி எழுதவில்லை. ஐயாவின் அரம் என் மேசையில் இருக்கிறது. கேட்டால் அனுப்பிவைப்பேன்.