மொரப்பூர்த் திண்ணையில் கேட்ட கேள்வி

தபசு காலத்தின் நான்காம் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, மொரப்பூருக்குச் செல்லும் வாய்ப்பு நமக்கு நேர்ந்தது. அவ்வட்டாரத்துப் பங்குத்தந்தை காய்ச்சலாய்ப் படுத்துவிட்டபடியால், நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்துத் திருவருட்சாதனங்களை அளித்துவரும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்திருந்தார். சேலத்தில் பயணிகள் வண்டி ஏறினோம். லோக்கூர் மலைச்சரிவும் பொம்மிடியும் கடந்தால் மொரப்பூர். வண்டி நின்றதும் நம்மோடு இறங்கியவர்களில் பாதிப்பேர் திருப்பூரிலே வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்கள். மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்க இயலாத மண்ணின் பிள்ளைகள்.

இந்த ஊரைப் பலர் வண்டியின் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருப்பார்கள். ஆனால் ஒரு காலத்தில் மொரப்பூர் ஒரு சந்திப்பு நிலையமாக விளங்கியது. 1906-ஆம் ஆண்டில் இங்கிருந்து தருமபுரிக்கு, இரண்டரை அடி அகலமே உள்ள குறுகிய இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுசேர்க்க உதவும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் அந்தப் பாதை மூடப்பட்டு, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே மீண்டும் பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். இடைப்பட்ட எழுபத்தெட்டு ஆண்டுகளில் பழைய வழித்தடத்திலே வீடும் வயலும் வந்துவிட்டன. நிலம் கையகப்படுத்துவதே பெரும்பாடாயிற்று. எடுப்பது எளிது, போடுவது அரிது என்று நிலையத்தில் தேநீர் விற்றவர் நம்மிடம் சொன்னார். அவர் இருப்புப்பாதையைப் பற்றித்தான் சொன்னார்.

புளி உலுக்கும் பருவம் அது. வீட்டு வாசல்தோறும் பெண்கள் அமர்ந்து, ஓடு நீக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுதும் அந்தப் புளிப்பு வாடை. நாம் தேடிய வீட்டிலும் மருமகள் அந்த வேலையில்தான் இருந்தாள். பெரியவர் திண்ணையில் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர். இரயில்வேயில் கேங்மேனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். இருபத்தாறாம் வயதில் உபதேசியார் ஒருவரிடம் மந்திரங்கள் கற்று ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தந்தையோ அந்தக் குறுகிய பாதையில் கூலியாக இருந்து, பின்பு அதே தண்டவாளங்களைப் பெயர்த்த ஆட்களோடும் நின்றவராம்.

நாம் அமர்ந்து நலம் விசாரிக்குமுன்னரே, வீட்டார் அனைவரும் கேட்க, அவர் ஒரு கேள்வியை எழுப்பினார். இதை எழுதுவதற்கு அவரே இசைவு தந்தார் என்பதையும், திண்ணையில் பேசியதை மட்டுமே இங்கு எழுதுகிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

“சாமி, தண்ணி ஒரு தடவைதானே ஊத்துவீங்க? அதுக்கு முன்னால செஞ்சதெல்லாம் போயிடும்னு உபதேசியார் சொன்னாரு. அதுக்குப் பொறவு செஞ்சதுக்கு என்ன வழி? பேத்தி வேதப்புத்தகம் வாசிச்சா. ஒருமுறை ஒளி பெற்றவன் தவறிட்டா மறுபடி எழும்ப முடியாதுன்னு அதிலயே இருக்குதே!”

எபிரேயர் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தைத்தான் சொன்னார். நாற்பது ஆண்டுகளாக அவர் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. பூசைக்கு வருவார், நற்கருணை வாங்கமாட்டார். சொந்தத் தம்பியோடும் அத்தனை ஆண்டுகளாய்ப் பேச்சில்லை என்பது தெருவே அறிந்த செய்தி.

அன்பர்களே, இந்தக் கேள்வி மொரப்பூரில் பிறந்ததன்று. திருச்சபை தன் இளமையிலேயே இதனால் இரண்டுபட்டது. கி.பி. 250-இல் தேசியுஸ் என்னும் உரோமைப் பேரரசன், குடிகள் யாவரும் உரோமைத் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுச்சீட்டுப் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். உயிருக்கு அஞ்சிய கிறிஸ்தவர் பலர் பலியிட்டனர். சிலர் பணம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினர். அடுத்த ஆண்டில் துன்பம் தணிந்ததும் அவர்களே ஆலய வாயிலில் வந்து அழுதுகொண்டு நின்றார்கள். இவர்களை என்ன செய்வது? விசுவாசத்தை மறுத்தவனுக்கு மன்னிப்பு வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்று உரோமைக் குரு நோவாசியான் சாதித்தார், பிரிந்தும் போனார். பாப்பரசர் கொர்னேலியுவும் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியானும் அதற்கு உடன்படவில்லை. தவம் செய்யட்டும், திரும்ப வரட்டும் என்றார்கள். அதற்காகச் சிப்ரியான் பாவத்தை இலேசாக எண்ணினார் என்று யாரும் கருதவேண்டாம். தவம் முடியுமுன் அவசரப்பட்டு வந்தவர்களை அவர் கடிந்துகொண்டதும் உண்டு. 325-இல் கூடிய நிசேயாச் சங்கம், நோவாசியானின் கூட்டத்தார் திரும்பி வரும்போது, வீழ்ந்து எழுந்தவர்களோடு ஒன்றிப்பில் வாழ இசையவேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

பெரியவர் சுட்டிய அதே வசனத்தை நோவாசியானின் கூட்டத்தாரும் கையில் எடுத்தனர். மிலான் ஆயர் புனித அம்புரோஸ் அவர்களுக்கு மறுமொழியாக இரு புத்தகங்கள் எழுதினார். மறுபடியும் ஞானஸ்நானம் பெற முடியாது என்பதே அப்பகுதியின் பொருள். மனந்திரும்ப வழியில்லை என்பதன்று என அவர் விளக்கினார். கிறிஸ்துவை மறுதலித்த இராயப்பரையே ஆண்டவர் மந்தையின் மேய்ப்பராக்கினார் அல்லவா? உயிர்த்த நாள் மாலையிலே சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர் அளித்தது, இனி ஒருவரும் விழமாட்டார்கள் என்று நம்பியா?

பேரரசன் கொன்ஸ்தந்தீன் ஞானஸ்நானத்தை 337-இல், மரணப்படுக்கை வரையில் தள்ளிப்போட்டான். பின்னால் செய்யும் பாவங்களுக்கு அஞ்சி அவ்வாறு தள்ளிப்போடும் வழக்கம் அந்நாளில் பரவலாக இருந்தது. மோனிக்கம்மாளும் சிறுவன் அகுஸ்தீனுக்கு ஞானஸ்நானத்தைத் தாமதித்தவரே. ஊரறியத் தவம் செய்து ஒப்புரவாவது வாழ்நாளில் ஒரே முறை என்றிருந்தது அக்காலம். அயர்லாந்துத் துறவிகளின் வழியாகவே, மறைவாய், எத்தனை முறையும் அறிக்கையிடும் வழக்கம் மேலைநாடுகளில் வேரூன்றியது. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் என்று கட்டளையாக்கிற்று.

நம் தமிழ்நாட்டுக் கதையும் சிறிதன்று. அண்டிரிக்கி அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்கென ஆக்கிய நூல்கள் இந்திய மண்ணில் தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் அடங்கும். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579-இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. அடுத்து, 1580-இல் கொச்சியில் வெளிவந்தது எது தெரியுமா? ‘கொம்பெசியோனாயரு’, அதாவது பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும் நூல். தமிழில் அச்சு தோன்றிய இரண்டே ஆண்டுகளில், வீழ்ந்தவன் எழுவதற்கான கையேடு நம் மொழியில் வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் அன்று திண்ணையில் நாம் சொல்லவில்லை. குருமடத்தில் படித்ததை நோயாளியின் கட்டிலண்டையில் கொட்டுவது நமக்கிருந்த பழைய குறை. அன்று கேட்டது ஒன்றே: “பெரியவரே, உங்கள் அப்பா பெயர்த்த பாதையில் கரையையும் வெட்டி எடுத்தார்களா?”

“இல்லிங்க சாமி. நான் சின்னப்பையனா இருக்கச்சே அங்கங்கே கரை இருந்துச்சு. தண்டவாளந்தான் இல்லை.”

ஞானஸ்நானம் ஆன்மாவில் பதிக்கும் அழியாத முத்திரையும் அப்படிப்பட்டதே என்றோம். பாவம் அருளைப் பெயர்த்தெடுக்கிறது. முத்திரையை எடுக்க அதனால் ஆகாது. மறுபடியும் தண்ணீர் ஊற்றாதது அதனால்தான். அழியாததை இரண்டாம் முறை ஏன் பதிக்கவேண்டும்? இழந்த அருளைத் திரும்பப் பெறவே பச்சாத்தாபம் என்னும் திருவருட்சாதனம். கப்பல் உடைந்தபின் கைக்கு எட்டும் பலகை என்று அதனைத் தெர்த்துல்லியன் காலமுதல் சொல்லிவந்தார்கள். திரிதெந்துச் சங்கமும் 1551-இல் அவ்வுவமையை நினைவுகூர்ந்தது. பெரியவர் கடலைப் பார்த்தவர் அல்லர். எனவே பலகையை விட்டுவிட்டோம்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகுதான் உண்மைக் காரணம் வெளிப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், பெரிய வியாழனுக்கு முந்திய நெரிசலில், குரு ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து குரலை உயர்த்தினாராம். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அன்று எழுந்து வெளியே போனவர்தாம். வேதவாக்கியம் பிற்பாடு வந்து சேர்ந்த சாக்கு.

அந்தக் குரு யாரென்று நாம் கேட்கவில்லை. கேட்க நமக்கு முகமில்லை. தபசு காலத்துச் சனிக்கிழமைகளில், நூறுபேர் காத்திருக்கையில், ‘சீக்கிரம் சொல், அடுத்து’ என்று நாமும் சொன்னதுண்டு. எத்தனை பேர் அப்படி எழுந்து போனார்களோ! அவருடைய பெயரால் அல்ல, குருக்கள் என்னும் முறையில், மன்னித்துக்கொள்ளுமாறு அந்த முதியவரிடம் கேட்டோம். புளி அரிந்துகொண்டிருந்த மருமகளின் கை நின்றுவிட்டது. பெரியவர் பதறிப்போய், “நீங்க அப்படிச் சொல்லலாமா சாமி!” என்று எழ முயன்றார்.

வீட்டார் தெருவுக்கு இறங்கினார்கள். நாம் தோளில் ஊதாநிறத் துகிலை அணிந்துகொண்டோம். அதன்பின் நடந்தது ஆண்டவருக்கும் அவருக்கும் உரியது.

அரைமணி நேரம் கழித்து வீட்டாரை அழைத்து நோயில்பூசுதலும் நற்கருணையும் அளித்தோம். அப்பொழுது அவர் நம்மை நோக்கி, எல்லாரும் கேட்கவே, தம் தொழிலின் நுட்பம் ஒன்றைச் சொன்னார். தண்டவாளம் வெடித்தால் அந்த இடத்தை அறுத்தெடுத்து, வேறு துண்டு வைத்து, ஃபிஷ் பிளேட் போட்டு முடுக்குவார்களாம். பாதை அப்போதே சரிதான். ஆனாலும் சல்லி இறுகிப் படியும்வரை வண்டிகள் அங்கே மெதுவாகத்தான் போகவேண்டுமாம். “உடனே ஓட்டமா ஓட முடியாது சாமி. இன்னும் வேலை பாக்கி இருக்குது.” மன்னிப்புக்குப் பின்னும் பரிகாரம் எதற்கு என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கும்போது நாம் சொல்லும் விளக்கத்தைவிட இது தெளிவாய் இருந்தது. பின்பு மகனிடம், “சித்தப்பாவைக் கூட்டிக்கிட்டு வா” என்றார்.

மூன்றாம் தெருவிலிருந்து தம்பி வருவதற்கு ஒருமணி நேரம் ஆயிற்று. அவரும் கோல் ஊன்றுகிறவர். வாசற்படியண்டை வந்து நின்றார், ஏறவில்லை. அண்ணனும் அழைக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நமக்கு வண்டிக்கு நேரமாயிற்று. மருமகள் முறத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “உள்ளார வாங்க மாமா, கேழ்வரகுக் கூழு இருக்குது” என்று கூப்பிட்டாள். அவர் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டே நாம் நிலையத்துக்கு நடந்தோம்.